போக்கியப் பணமும் காலி வீட்டுச் சாவியும்

கள்ளக்குறிச்சி மாவட்டமானபோது எங்கள் தெருவுக்கே பித்துப் பிடித்தது. கலெக்டர் ஆபீஸ் வருகிறது, வாடகை ஏறும் என்று ஆளாளுக்கு மாடி எழுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த நான் மட்டும் சும்மா இருப்பேனா? நாங்கள் குடியிருந்த கீழ்வீடு ஏற்கெனவே பேங்க் லோனில் நின்றது. மாடியைப் போக்கியப் பணத்தை நம்பித் தொடங்கினேன். குடிவருகிறவர் மொத்தமாக ஒரு தொகை தருவார். மாத வாடகை கிடையாது. கெடு முடிந்து காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பித் தரவேண்டும். வட்டியில்லாத கடன் என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

"திருப்பிக் குடுக்க பணம்?" என்றாள்.

"அடுத்து வர்றவங்க குடுப்பாங்க."

பூச்சு வேலை முடியுமுன்பே ஐந்து லட்சம் தந்தவர் ஒரு வெள்ளிமலைக்காரர். காட்டிலாகா வேலையில் ஓய்வு பெற்றவர். மகளின் படிப்புக்காக மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். மூன்று வருடத்துக்குப் பத்திரம் எழுதினோம். அது ஆனிக் கடைசியில் முடியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஆடியில் யார் வீடு மாறுவார்கள்?

கெடு நெருங்கியபோது மகளின் படிப்பும் முடிந்தது. மலைப் பாதையில் ஓட்ட ஒரு பழைய ஜீப்புக்கு அவர் முன்பணம் கொடுத்திருந்தார். "ஆனிக்குள்ள மீதியக் குடுக்கலேன்னா அட்வான்ஸ் போயிடும்ங்க" என்றார். பேங்கில் கேட்டேன். இந்த வீட்டின் மேல் இனிக் கடன் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

கோர்ட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மாடியைப் பார்த்துவிட்டு அதே தொகைக்குச் சம்மதித்தார். ஆனால் கறாராகச் சொன்னார்: "காலி வூட்டுச் சாவி கையில வந்தாதான் சார் பணம். ஆடி பொறந்துட்டா நாங்க பால் காய்ச்ச மாட்டோம். வேற வூடு பாத்துக்குறோம்."

மாடியேறிப் போய் மலைக்காரரிடம் கெஞ்சினேன். "பணம் கைக்கு வந்தா அன்னிக்கே சாமானை எறக்கிடுறேங்க. வெறுங்கையோட எங்க போறது?" என்றார்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. "என் வூட்லயே குந்திக்கினு என்னை மெரட்டுறீங்களா?" என்று கத்திவிட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். படியிறங்கும்போது கூசிப்போனேன்.

ஆடிக்கு நான்கு நாள் இருந்தது. கடையில் கம்பி சுற்றினால் கணக்குத் தப்பியது, சோறு இறங்கவில்லை. மனைவி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தம்மாவுக்கு வேண்டியது காலி வூடு. நம்ம வூட்டைக் காலி பண்ணுங்க."

"நாம எங்க போறது?"

"மலைக்காரரு எறங்குனா மாடி காலிதான?"

கீழ்வீட்டுச் சமையலறை அவளே நின்று அளவு சொல்லிக் கட்டியது. அதை விட்டுக்கொடுப்பதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்!

கீழ்வீடு பெரியது. அதே தொகைக்கு என்றதும் கோர்ட்டு அம்மா உடனே ஒத்துக்கொண்டார். ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் மொட்டைமாடிக்கு ஏறின. கீழே அவர்கள் பால் காய்ச்சினார்கள். பணம் பேங்கில் ஏற நேரமாகும் என்றார்கள். வெயிலில் மூட்டைகளுக்கு நடுவே போனைப் பார்த்தபடி நின்றோம்.

மலைக்காரர் மேலே வந்தார். "வெயில்ல இன்னா நின்னுகினு? உள்ள வாங்க."

நான் கத்திய அதே கூடத்தில் உட்காரவைத்துச் சாமைச் சோறு போட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் போன் மணியடித்தது. பணம் வந்துவிட்டது. எச்சில் கையோடு இடது கையால் அவருக்கு அனுப்பினேன். அவர் மகளைக் கூப்பிட்டுத் தொகையை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பிறகு, "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்குங்க" என்றார். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் ஜீப் வந்து அவர்களை ஏற்றிப் போனது. சாவியோடு மாடி வீட்டுக்குள் வந்தேன். மனைவி புதுப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இதுவும் ஆனியிலதான் முடியுது. அப்ப எந்த வூட்டைக் காலி பண்ணுவீங்க?"

எங்களுக்கு மேலே மொட்டைமாடிதான் இருந்தது.