பன்னிரண்டு சென்டிமீட்டர்

கணினியில் விடை வந்ததும் அவர் மதிப்பெண்ணைப் பார்க்கமாட்டார். இடது உள்ளங்கையால் திரையின் மேல்மூலையை மூடிக்கொண்டு படத்தை மட்டும் பார்ப்பார். ஏதாவது ஒரு சுருளின் மேல் கண் நிற்கும். "இவன் என்ன, தும்மப்போறவன் மாதிரியே நிக்கிறான்?" என்பார். பிறகுதான் கையை எடுப்பார். "மொதல்ல மூஞ்சியப் பாக்கணும். மார்க்கு எங்கயும் ஓடிடாது."

காந்தச் சுருள்களுக்கு வடிவம் தேடுவது அவர் வேலை. சூரியனுக்குள் நடக்கும் அணு இணைவைத் தரையில் நடத்திப் பார்க்க ஸ்டெல்லரேட்டர் என்றோர் உலை. உள்ளே கொதிக்கும் வாயு சுவரைத் தொடக்கூடாது; காந்தப்புலம்தான் வேலி. அந்த வேலிக்கு, ஒன்றைப்போல் ஒன்றில்லாமல் நெளிந்த செம்புச் சுருள்கள் வேண்டும். எந்த நெளிவு சரி என்று யாராலும் உட்கார்ந்து யோசித்துச் சொல்ல முடியாது. கணினிதான் மயிரிழை மயிரிழையாக வடிவத்தை மாற்றிப் பார்க்கும். வெப்பம் கசிந்தால் அபராதம், சுருளும் சுருளும் நெருங்கினால் அபராதம், செம்பு அளவுக்கு மீறி வளைந்தால் அபராதம். மொத்த அபராதம் எங்கே குறைகிறதோ அங்கே போய் நிற்கும். "கேட்டதுக்கு மேல இம்மி குடுக்காதும்மா, சரியான கஞ்சன்" என்று மகளிடம் சொல்வார். மகளுக்கும் அதே அறை, அதே வேலை, எதிர் மேசை.

செம்பு எவ்வளவு வளையலாம் என்பதற்கு நிரலில் ஒரு வரி உண்டு. வளைவின் ஆரம் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. அந்த எண்ணைச் சொன்னவர் அவர் மனைவி. கீழ்த்தளப் பட்டறையில் சுருள் சுற்றும் பிரிவுக்கு இருபத்திரண்டு வருடம் தலைவி. கணவர் அனுப்பிய படத்தோடு மாடியேறி வந்து எல்லோர் முன்னாலும் கேட்பார்: "கம்ப்யூட்டருக்கு என்ன, அதுக்குக் கையா வலிக்கப்போகுது? இதை நீங்க வளைச்சுக் காட்டுங்க, நான் வேலைய விட்டுட்டு வீட்டுல இருக்கேன்." இவர் படத்தை வாங்கிக்கொண்டு திருத்தப் போய்விடுவார். அப்படியொரு சண்டையில் வந்ததுதான் பன்னிரண்டு.

ஏழு வாரத்துக்கு முன் மனைவி போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்து ஒன்பதாம் நாள்.

இப்போது அவர் சட்டையின் முன்பக்கத்தை மட்டும் தேய்க்கிறார். கேட்டால், "பின்னாடி நாற்காலிதானே பாக்குது" என்கிறார். பட்டறை வழியாக இறங்கும் படிக்கட்டை விட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போகிறார்.

மாதக் கடைசியில் ஆய்வுக் குழு கூடுகிறது. கையிலிருக்கும் வடிவத்தில் சூடான துகள்கள் நூற்றுக்கு ஆறு கசிகின்றன. நான்குக்கு மேலிருந்தால் உலை கிடையாது; பத்து வருட வேலை பரணுக்குப் போகும். ஐந்து வாரமாக அவர் சுருள்களின் எண்ணிக்கையை மாற்றினார், இடைவெளியை மாற்றினார், தொடக்க வடிவத்தை மாற்றினார். நானூற்றுச் சொச்சம் ஓட்டங்கள். ஐந்துக்குக் கீழே ஒன்றும் இறங்கவில்லை. ஒரே ஒரு வரியை மட்டும் அவர் தொடவில்லை. மகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வாயைத் திறக்கவில்லை.

குழுத் தலைவர் தொலைபேசியில் வாயைத் திறந்தார். "செம்பு சப்ளை பண்றவங்க தாள்ல பத்துன்னுதானே இருக்கு? இந்தப் பன்னிரண்டு எங்கேருந்து வந்தது?"

"பட்டறையிலேருந்து."

"அங்க யாரு சொன்னது?"

"கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

அன்று மதியம் அப்பாவும் மகளும் பட்டறைக்கு இறங்கினார்கள். அங்கே இப்போது பொறுப்பில் இருப்பவர் மனைவிக்கு வலது கையாக இருந்த மூத்த சுற்றுநர். ஓய்வு பெற ஒரு வருடம். எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம் சார்" என்பவர்.

"பத்துல ஒண்ணு வளைச்சுக் காட்டுங்க."

"பண்ணிடலாம் சார்."

கட்டைவிரல் தடிமனில் ஒரு செம்புத் துண்டு, மேலே கண்ணாடியிழை நாடா. சுற்றுநர் அதை அச்சில் பொருத்தி நெம்புகோலை இழுத்தார். முனகாமல் வளைந்தது. அப்பா உருப்பெருக்கியை வாங்கி நாடாவைப் பார்த்தார். அதைப் பிரித்துவிட்டுச் செம்பைப் பார்த்தார். விரிசல் இல்லை. உட்புறத்தில் சுருக்கம்கூட இல்லை. இன்னொரு தடவை பார்த்தார்.

"தாராளமா வருது சார்."

"அப்புறம் அவ ஏன் பன்னிரண்டுன்னா?"

சுற்றுநர் கையுறையைக் கழற்றினார். "அக்காவுக்குத் தெரியாம இல்ல சார். பத்துன்னு சொன்னா இந்த மனுஷன் எட்டு கேப்பாரு, பன்னிரண்டுன்னு வெச்சாத்தான் பேரம் பேசி பத்துல வந்து நிப்பாருன்னாங்க."

"நான் பேரமே பேசலையே."

"அதைத்தான் சார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"திருடி" என்றார் அவர், செம்பைப் பார்த்து.

மகள் மடிக்கணினியைத் திறந்துவைத்திருந்தாள். "மாத்தட்டுமாப்பா?"

அவர் செம்பின் உள்வளைவில் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினார்.

"மாத்து."

மாற்றி ஓட்டினாள். ஐந்தரையில் தொடங்கியது, ஐந்துக்கு வந்தது, அங்கே நிற்காமல் இறங்கியது. முக்கால் மணி நேரம் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, நாலுக்குக் கீழ போயிடுச்சு!" என்று நிமிர்ந்தாள்.

அவர் வந்து பார்க்கவில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தச் செம்புத் துண்டை முழங்காலில் வைத்து, வளைவை நிமிர்த்த இரண்டு முனைகளையும் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். ஒருமுறை வளைந்த செம்பு இறுகிவிடும். பழுக்கச் சூடேற்றாமல் நிமிராது. அது அவருக்குத் தெரியும். விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன.

"விடுங்க சார், கை போயிடும்" என்றார் சுற்றுநர்.

அவர் தலையாட்டிவிட்டு, பிடியை மாற்றிப் பிடித்து மறுபடி அழுத்தினார்.