மலை ஒயினுக்குக் களைப்பு

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய ஒயின் கிடங்கில் நான் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டவர் நெடிய, ஒட்டிய மனிதர். தட்டி, காது வைத்துக் கேட்காமல் எதையும் திறக்க மாட்டார்.

ஒருநாள் பிரான்சின் உயரமான மலைத்தோட்டத்திலிருந்து, இருவகைத் திராட்சை கலந்த சிவப்பு ஒயின் வந்திறங்கியது. மறுநாள் விருந்துக்கு அதைத் திறக்கச் சொன்னார் முதலாளி.

"வேணாம் முசியே. மலையில வெளஞ்சது, கப்பல்ல ஆடி ஆடிக் களைச்சுப் போயிருக்கு. ஒரு மாசம் படுத்துக் கெடக்கட்டும்" என்றார் பீப்பாய்க்காரர்.

முதலாளி சரியென்று, விருந்துக்கு வேறு பீப்பாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பீப்பாய்க்காரருக்கோ காய்ச்சலில் கண் சிவந்து, உடம்பு நடுங்கியது. "இப்படிக் காயுதே, நீங்களும் ரெண்டு நாள் வீட்டுல படுங்களேன்" என்றேன்.

"நேத்தே கேட்டேன்யா. வேற ஆள் இல்லன்னுட்டாரு."

சொல்லிவிட்டு, சாக்கை நனைத்துப் பிழிந்து அந்தப் பீப்பாய்மேல் போர்த்தினார், காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுகிற அதே பதத்தில்.