மிதப்பதைக் காட்ட வேண்டும்

படகின் பதிவு எண்ணை மஞ்சள் வண்ணத்தில்தான் எழுத வேண்டும் என்று எங்கள் தெரு இன்று காலை ஒருமனதாகத் தீர்மானித்தது. எண் இன்னும் வரவில்லை.

பாலாற்றுத் தரைப்பாலம் மூழ்கும் நாட்களில் எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேர் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போவதற்காக வாங்கிய படகு. அது மிதப்பதை நேரில் பார்த்த பிறகே பதிவு என்று அதிகாரி கோடையிலேயே சொல்லிவிட்டார். அப்போது ஆற்றில் மணல்தான் இருந்தது.

இன்று வெள்ளம் வந்ததும் அவருக்குப் போன் செய்தேன்.

"படகு மிதக்குது சார், வந்து பாருங்க."

"பாலம் மூழ்கிடுச்சாமே, எப்படி வர்றது?"

"இந்தப் படகையே அனுப்புறேன் சார்."

"இன்னாப்பா பேசுற? பதிவாகாத படகுல நானே ஏறலாமா? தண்ணி கம்மியாகட்டும், வர்றேன்."

பதினோரு பெண்களுக்கும் கம்பெனியில் இன்று ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள்.