பல்லுக்குள் வைத்த திரி

முதலில் வந்தது வலி இல்லை, ஒரு பரு. வலப்பக்கக் கடைவாய்ப் பல்லின் முரசில் (ஈறில்), பச்சரிசி அளவு. நாக்கு சும்மா இருக்குமா? நாள் முழுக்க அதைத்தான் தடவியது. அமத்தினால் உப்பாக ஏதோ கசிந்தது. அந்தப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை (பல்லின் உள்நரம்பை எடுத்து, வேர்க் குழாயைக் கழுவி அடைப்பது) முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நரம்பே இல்லாத பல்லுக்கு என்ன நோய் வருத்தம் வரும் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல மகள் வதனி எழுதுகிறாள். என் கதையை நேராக்கி எழுதுகிறாளாம். நேராக்கு, ஆனால் ஒன்றையும் விடாதே என்று சொல்லியிருக்கிறேன். அடைத்த பல் மறுபடி சீழ் வைத்துக் கலங்கிப்போய் இருப்பவர்களுக்காகத்தான் இது.

என் கட்டுப்பல்லின் கம்பி அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அது போனால் கட்டுப்பல்லும் போகும். பிறகு கஞ்சியும் கரைத்த சோறும்தான். நானோ பருத்தித்துறை நண்டு வந்தால் கோயில் விரதம் எப்போது முடியும் என்று பார்த்திருக்கிற ஆள்.

உடுவிலில் இருந்து என் வீட்டுக்காரர் இவரோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் வேர்ச் சிகிச்சை செய்த அதே பல் டொக்டர்தான், இளம் பிள்ளை. ஊடுகதிர்ப் படத்தில் (எக்ஸ்ரேயில்) வேர் நுனியைச் சுற்றி ஒரு கருமை தெரிந்தது.

"அம்மா, உள்ளுக்கை இன்னும் கிருமி இருக்குது. திறந்து திரும்பக் கழுவுவம். அதுக்கும் மாறேல்லை எண்டால் கழட்டத்தான் வேணும்."

"கழட்டுற கதையை விடுங்கோ பிள்ளை. கழுவுறதைக் கழுவுங்கோ."

கழுவுவதற்கு முன் மெல்லிய கடதாசிக் குச்சியால் உள்ளே இருந்த ஈரத்தை ஒற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார். அடுத்த முறை போனபோது அவர் முகத்தில் யோசனை.

"வாயிலை இருக்கிற கிருமி எண்டால் விளங்கும். இது தோலிலை இருக்கிற கிருமி."

"தோலிலையோ? நான் ஒரு நாளும் குளிக்காமல் இருக்கிறேல்லை, பிள்ளை!"

"எவ்வளவு குளிச்சாலும் எல்லாற்றை தோலிலையும் இருக்கும். அங்கை இருக்குமட்டும் ஒரு கரைச்சலும் தராது. வழி கிடைச்சு உள்ளை போனால்தான் வில்லங்கம்."

அதைச் சந்தர்ப்பவாதக் கிருமி (வழக்கமான இடத்தில் சாதுவாக இருந்து, வாய்ப்புக் கிடைத்தால் நோய் தருவது) என்று சொல்வார்களாம். கலியாண வீட்டில் பந்தலடியில் நல்ல பிள்ளையாக நின்றுவிட்டு, அறைக்கதவு திறந்திருந்தால் பலகாரப் பெட்டியடிக்குப் போய்விடும் ஆட்களை எனக்குத் தெரியும். அதனால் உடனே பிடிபட்டது.

டொக்டர் தன் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தன்னில்தான் பிழையோ என்று. பிறகு கேட்டார்: "முதல் வேர்ச் சிகிச்சை நடக்கேக்கை தற்காலிக அடைப்பு விழுந்தது எண்டனீங்கள். அதுக்குள்ளை ஏதும் வைச்சனீங்களோ?"

"ஓம், வைச்சனான். திரி."

"என்ன திரி?"

அம்மன் கோயில் திருவிழா நேரம் அந்த அடைப்பு விழுந்தது. விளக்குத் திரி முழுக்க என் பொறுப்பு. அதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? திரித்துக்கொண்டிருந்த கையோடு பல்லுக்கும் மெல்லியதாக ஒன்று திரித்து, கராம்பெண்ணெயில் தோய்த்து, விரலால் உள்ளே தள்ளினேன். நாளுக்கு ஒன்று மாற்றினேன். திருவிழா முடிந்து போனபோது ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்தே அதை எடுத்து லேஞ்சியில் (கைக்குட்டையில்) முடிந்துகொண்டேன். அடைப்பு அப்போதுதான் விழுந்தது என்று டொக்டர் நினைத்திருக்கிறார். ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வாயால் சொன்னால் விளங்காது என்று அவருடைய தட்டில் இருந்த பஞ்சில் ஒரு துளி பிய்த்தேன். சீலையை ஒதுக்கி, தொடையில் வைத்து, உள்ளங்கையால் ஒரே உருட்டு. திரி!

டொக்டர் என் தொடையைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். சிரிப்புத் தாங்காமல் தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டார்.

"அம்மா, உதுதான் தோல் கிருமி வந்த வழியாயிருக்கும்!"

வாசலில் நின்ற இவர் எட்டிப் பார்த்தார். "இஞ்சேரும், வாய்க்குள்ளையும் விளக்கேத்தினனீரோ?"

மறுபடி கழுவினார்கள். உள்ளே மருந்து வைத்து அடைத்தார்கள். "விழுந்தால் அண்டைக்கே வாங்கோ. பஞ்சு, கராம்பு, விரல் ஒண்டும் போகப்படாது," என்றார் டொக்டர். நான் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பயம்தான். சாப்பாட்டை இடப்பக்கமே மென்றேன். வலப்பக்கத்தைக் கோயில் மூலஸ்தானம் மாதிரிக் காத்தேன்.

ஒரு காலை, தேத்தண்ணி குடிக்கும்போது நாக்கு வழக்கம்போல் பருவைத் தேடிப் போனது. இல்லை. இன்னொரு முறை போனது. இல்லை!

"வதனி, பருவைக் காணேல்லையடி!"

"அதுக்கேன் அம்மா ஊரைக் கூட்டுறியள்?"

ஊரைக் கூட்டத்தான் வேண்டும். அடுத்த படத்தில் கருமை சுருங்கியிருந்தது. பிறகு நிரந்தரமாக அடைத்து, மேலே தொப்பி மாதிரி ஒரு உறையும் போட்டு, கட்டுப்பல்லையும் அதற்கேற்பத் திருத்தித் தந்தார்கள். அந்தக் கிழமையே நண்டு வாங்குவித்தேன். கோது உடைக்கிற வேலை இவருக்கு, சதை மெல்லுகிற வேலை எனக்கு. வலப்பக்கத்தில்!

அந்தப் பல்லுக்குச் சூடு தெரியாது, குளிர் தெரியாது, நண்டின் ருசியும் தெரியாது. உயிர் போன பிறகும் எனக்காக நின்று மெல்லுகிறது. என் தோலில் நான் மட்டும்தான் குடியிருக்கிறேன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். முன்பு எந்த நேரமும் பருவின் நேரம். இப்போது பொழுதுபட்டால் விளக்கு நேரம், அவ்வளவுதான். இன்றும் தொடையில் வைத்துத்தான் திரி உருட்டுகிறேன். உருட்டும்போது ஒருமுறை நாக்கு முரசடிக்குப் போய்ப் பார்க்கும். அங்கே ஒன்றும் இருக்காது. திரி விளக்குக்குப் போகும்.