ஏழாம் இலக்கத்தை வெட்டிவிடுங்கள்

நான் எழுதுறது கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்க. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போறது நின்றுவிட்டது. இப்ப மறதியும் கூட. போன் பழக்கின நாளில் வேலை செய்த எல்லாரும் தங்கட அனுபவத்தை எழுதித் தரவேணும், தொண்டர்களுக்கான வழிகாட்டிப் புத்தகத்தின் கடைசியில் போடுவோம் என்று டீச்சர் கேட்டதால் எழுதுறேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது.

எங்கட பக்கத்துப் பெண்களுக்கு போனில் முகம் பார்த்துக் கதைக்கப் பழக்குவதற்காக பாலர் பாடசாலை மண்டபத்தில் அந்த நாளை வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை, ளுஹர் தொழுகைக்குப் பிறகு. டீச்சரும் கம்பஸில் படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகளும்தான் பழக்கினார்கள். தெரிந்த முகம் ஒன்று வாசலில் இருந்தால்தான் வயதானவர்கள் உள்ளே வருவார்கள் என்று என்னை அங்கே ஒரு கதிரையில் இருத்தினார்கள். கழுத்தில் 'தொண்டர்' என்று எழுதின அட்டை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள் நான். முக்காடு மறைக்காமல் அந்த அட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமி, எல்லார்ட போனையும் வாங்கி, பேர் ஒட்டி, சத்தத்தை மட்டும் நிப்பாட்டி மேசையில வைங்க. முதல் ஒரு மணித்தியாலம் அவங்க பலகையைத்தான் பாக்கணும்" என்றா டீச்சர். மேலிருந்து விரலால் இழுத்து, மணி மாதிரி ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினா. "விளங்குதா மாமி?"

"ஓம்" என்றேன். விளங்கவில்லை. என்னிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன்.

முதலாவது போனை இழுத்தேன், என்னென்னவோ வந்தது. கரையில் இருந்த பொத்தானை அமத்திப் பிடித்து, வந்ததைத் தொட்டேன். கறுத்துப்போனது. சத்தம் நின்றதுதானே என்று வைத்தேன். இரண்டாவது போன் ஒரு சின்ன இசை போட்டுவிட்டு அணைந்தது. அப்பவே எனக்குத் தெரியும், நான் நிப்பாட்டுறது சத்தத்தை இல்லை, போனையே என்று. எழும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், கழுத்தில் அட்டை தொங்கியது. கேட்கவில்லை.

பிறகு வந்தது என்ட அடுத்த வீட்டுக்காரி. உப்பளத்தில் வேலை செய்றவ. அவட மகள் சவூதியில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறா. மகள்ட போனை அந்த வீட்டுக்காரி வாங்கி வைத்துக்கொண்டு, சனிக்கிழமையில் மட்டும் கொஞ்ச நேரம் கொடுப்பாவாம். மகளாக எடுத்தால்தான் உண்டு, தாய் எடுத்துப் பிரயோசனமில்லை. போய் இரண்டு வருசம், குரல் மட்டும்தான்.

பின்னால் நின்ற ஒருத்தி, "பவுடர் எல்லாம் பூசியிருக்கா, மகளுக்குக் காட்டவோ, மாப்பிள்ளை தேடவோ?" என்றாள்.

"போடி. உன்ட முகத்தைக் கண்டா போன் வெடிக்கும்" என்று இவ சிரித்தா. பிறகு குனிந்து என்ட காதுக்குள், "ராத்தா, இண்டைக்கு அவட முகத்தைப் பாப்பேன் எண்டு மகள்ட்டச் சொல்லிட்டேன். என்ட போன்ல மட்டும் சத்தத்தை விட்டுவைங்க. அடிச்சா கூப்பிடுங்க" என்றா.

"ஓம்" என்றேன். அந்தப் போனைத் தொடாமல்தான் வைத்தேன். அப்ப டீச்சர் உள்ளேயிருந்து, "மாமி, எல்லாம் நிப்பாட்டியாச்சா? ஒண்டும் விடல்லையே?" என்று கேட்டபடி வந்தா. ஒன்றை விட்டிருக்கிறேன், காரணம் இது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை அதையும் அமத்திப் பிடித்தது. டீச்சர் அங்கால போனதும் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போடத் தெரியவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அடுத்த வீட்டுக்காரி தன்ட போனை எடுத்துப் பார்த்தா. "ஏன் ராத்தா இது செத்துக் கிடக்கு?"

"சார்ஜ் போயிருக்கும் புள்ள" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. சுவரில் தொங்கின சார்ஜ் வயரை எடுத்து நானே அதில் செருகினேன். மற்றவர்கள் வகுப்புக்காக அணைத்தது என்று நினைத்துத் தங்கட போனைப் போட்டுக்கொண்டார்கள்; இவட போனை விட்டுவைக்க நான் ஓம் சொன்னதால், சார்ஜ் என்றதை இவ நம்பினா.

கம்பஸ் பிள்ளை ஒன்று வந்து, சார்ஜ் எவ்வளவு என்று பார்க்காமலே போனைப் போட்டுக் கொடுத்தது. மகள் நாலு தரம் எடுத்திருக்கிறா என்று வாசித்துச் சொன்னது. இவ திருப்பி எடுத்தா, போகவில்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்தக் கறுத்த கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டிருந்தா.

அடுத்த சனிக்கிழமை அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. மூன்றாவது சனிக்கிழமைதான் வந்தது. இரண்டு கிழமை அந்த வீட்டுக்காரி போனைக் கொடுக்கவில்லையாம், உம்மாவுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று அந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடந்ததாம். வேலிக்கு அங்கால நின்று இதைச் சொல்லிவிட்டு, "காலையில சார்ஜ் போடாம வந்தது என்ட பிழைதான் ராத்தா" என்றா. அன்றைக்கே ஒரு பாத்திரத்தில் றால் கறியும் தந்துவிட்டா. தின்றேன்.

வழிகாட்டி எழுதுவதற்குக் கூட்டம் வைத்தபோது அடுத்த வீட்டுக்காரியும் வந்தா. மதுரங்குளியில் இதே மாதிரி நாள் வைக்கப்போறவர்கள் நம்ம பிழையைத் திரும்பச் செய்யக்கூடாது, அதனால் ஒளிக்காமல் சொல்லுங்க என்று டீச்சர் கேட்டா. தண்ணி காணவில்லை, மைக் கூவினது என்று ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். இவ எழும்பி நின்று, "வாறவங்கட போன்ல சார்ஜ் இருக்கா எண்டு வாசலிலேயே பாக்கணும். என்ட மறதியால என்ட புள்ள அழுதிச்சி" என்றா. அதை ஏழாம் இலக்கமாக எழுதிக்கொண்டார்கள். நான் அவவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

"மாமி ஒண்டும் சொல்லல்லையே?"

"எல்லாம் சரி" என்றேன்.

டீச்சர், அந்த ஏழாம் இலக்கத்தை வெட்டிவிடுங்க. அது என்ட பொய்யில் இருந்து வந்தது. அந்த இடத்தில் இதைப் போடுங்க. தொண்டர்களிடம் விளங்குதா என்று கேட்கவேண்டாம், என்னைப் போன்றவர்கள் ஓம் என்றுதான் சொல்லுவார்கள். ஒரு போனைக் கையில் கொடுத்து, செய்து காட்டச் சொல்லுங்க.

அச்சடிக்க முதல் இதில் உள்ளதெல்லாம் சரியா என்று யாராவது பாருங்க. மகள் எடுத்தது நாலு தரமா அஞ்சு தரமா, மூன்றாவது சனியா நாலாவது சனியா, எனக்கு நிச்சயமில்லை. அதெல்லாம் அடுத்த வீட்டுக்காரிக்குத்தான் தெரியும், அவவிடம்தான் கேட்கவேணும். நாளைக்குக் கேளுங்க. இன்றைக்கு அசருக்குப் பிறகு அந்தப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் போறேன். முதலில் என்ட வாயால் சொல்லிவிடுறேன்.