கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு

கழுத்தை ஒட்டிக் கட்டும் கறுப்புக் கயிறுதான் இப்போது என் மகளின் ஃபேஷன். நேற்று நுகேகொடையில் ஒன்று வாங்கி, கடைக் கண்ணாடி முன்னாலேயே கட்டிக்கொண்டாள். நான் கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

யுத்த காலத்தில் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் தமிழ்ப் பெண்களின் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், இயக்கப் போராளிகளின் சயனைட் குப்பி தொங்கும் கறுப்புக் கயிறு இருக்கிறதா என்று. ஒருநாள் ஒரு பெண் பொலிஸ் என் கொலருக்குள் விரலை விட்டுத் தேடினாள். ஐஸ் போல் குளிர்ந்த விரல். அதன்பிறகு என் சட்டைகளையெல்லாம் கழுத்தை அகல வெட்டித்தான் தைப்பித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்டோவில் மகள் கேட்டாள். "அம்மா, உங்கட பழைய படம் எல்லாத்திலயும் பெரிய கழுத்துச் சட்டைதானே. அப்ப அதுதான் ஃபேஷனோ?"

"ஓம்" என்றேன்.

காலி வீதிச் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"கழட்டடி அதை!" என்று கத்திவிட்டேன்.

அவர் வாகனங்களைப் போகச் சொல்லிக் கையசைத்தார், அவ்வளவுதான். அதற்குள் என் விரல் அவளுடைய கயிற்றுக்குள் நுழைந்திருந்தது.

மகள் உதறிக்கொண்டு விலகினாள்.

"என்னம்மா இது? விரல் ஐஸ் மாதிரிக் குளிருது."