செஞ்சிக்கு ஒரு புள்ளி

வௌவால் புழுக்கை அள்ளி விற்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று யாராவது வாயைத் திறந்தால், சுந்தராம்பாள் சண்டைக்கே வந்துவிடுவாள். அந்த எருவைப் போட்ட கொல்லையில் மல்லாட்டைக் கடலை எப்படிக் காய்க்கிறதென்று பக்கத்து வல்லத்துக்காரர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்! பதினைந்து வருஷமாக செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி அடிவாரத்துப் பழைய நெற்களஞ்சியத்துக்குள் முக்காடு போட்டுக்கொண்டு நுழைந்து, அள்ளி, வாசலிலேயே சலித்து மூட்டை கட்டுகிறவள் அவள்.

1964 பங்குனியில் சென்னையிலிருந்து ராஜாராம் என்ற ஆராய்ச்சிக்காரர் வந்தார். எந்த வௌவால் எந்த இனம், எங்கெங்கே வாழ்கிறது என்று கண்டறிவது அவர் வேலை. மூக்கில் இலை ஒட்டினாற்போல் இருந்த ஒரு சின்ன வௌவாலின் படத்தைக் காட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைத் தவிர வேறெங்கும் யாரும் அதைக் கண்டதாகப் பதிவில்லையாம்.

"அட, இது நம்ம களஞ்சியத்துல தொங்குமே சார்! மழைக்கு வரும், தை பொறந்தா பூடும்," என்றாள் சுந்தராம்பாள்.

பேச்சு கடைத்தெருவுக்குப் போய்விட்டது. "பட்டணத்து சாருக்கே பாடம் நடத்துறியா?" என்று மளிகைக்கடை பூவராகவன் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இரண்டு நாள் தேடியும் அந்த வௌவால் அகப்படவில்லை. களஞ்சிய வாசலில் ராஜாராம் பெட்டியைக் கட்டினார். "கண்ணால பார்த்தேன்னு சொன்னா போதாதும்மா. மண்டையோடு, பல்லு இதையெல்லாம் அளந்து பார்த்தாத்தான் என்ன இனம்னு சொல்ல முடியும். செஞ்சியில இல்லைன்னுதான் எழுதணும்."

"மண்டையோடா? அதைத்தானே சார் நானு இத்தினி வருஷமா வீசிக்கினு இருக்கேன்!"

எருவில் எலும்பு கிடந்தால் எந்தக் குடியானவனும் வாங்கமாட்டான். அதனால் சல்லடையில் நிற்பதையெல்லாம் வாசலை ஒட்டிய குழியில் கொட்டிவிடுவது அவள் வழக்கம். திண்டிவனம் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் குதித்தாள். ராஜாராமும் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் இறங்கிவிட்டார். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சலித்தார்கள். இறகு, கல், பெரிய வௌவாலின் தாடை. இல்லையென்று எழுதிவிட்டால் பூவராகவன் சும்மா விடுவாரா?

கடைசியில் புளியங்கொட்டை அளவில் ஒரு மண்டையோடு வந்தது. ராஜாராம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கோரைப்பல்லுக்குப் பின்னால் ஒரு பொடிப்பல், அந்த இனத்துக்கு உள்ளபடியே வரிசையை விட்டு வெளியே ஒதுங்கியிருந்தது. அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"அதேதாம்மா! அதேதான்!"

பஸ் போயே போய்விட்டது. இருவருக்கும் அந்த நினைப்பே இல்லை. அந்த வௌவால் கிடைத்த இடங்களைக் குறித்த வரைபடத்தை ராஜாராம் விரித்தார். மேற்கே வரிசையாகப் புள்ளிகள், கிழக்கே ஒன்றுகூட இல்லை. செஞ்சி இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

சுந்தராம்பாள் குனிந்து பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சமும் திருப்தியில்லை.

"இன்னா சார், கடுகாட்டம் வச்சிட்டே? கடைத்தெருவுல காட்டணுமில்ல!"

பென்சிலை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் புள்ளிமேல் அழுத்தித் திருகினாள். காகிதம் ஓட்டையாகிவிட்டது.

"இப்ப தெரியுது பாரு, எங்க ஊரு!"